அத்தானின் லேப்டாப் கைமாறியபோது

பழைய கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுக்கிறோம் என்றால் வீட்டில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லாத்தையும் டெலிட் பண்ணியாச்சா?" உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்து கொடுக்கிறேன். டெலிட் செய்வது அதில் பாதிகூடத் தேறாது. கொடுப்பவருடைய வாழ்க்கையை ஒட்டாமல் வெளியே எடுக்க வேண்டும். வாங்குபவர் முதல் நாளே அதைத் தன் சொந்தப் பொருளாக ஆள வழி செய்ய வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசியாகச் செய்து கொடுத்தது திருச்சியில் இருக்கும் என் அத்தானின் லேப்டாப். இரண்டு பக்கமும் அதில் நன்றாகவே சிக்கலாக இருந்ததால் அதையே சொல்கிறேன்.

அத்தான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர். லேப்டாப் 2015 வாக்கில் வாங்கியது. ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். புதிது வாங்கிவிட்டார். பழையதை, அவர் கணக்கு எழுதும் மளிகைக் கடையில் வேலை செய்பவரின் மகளுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அந்தப் பெண் எம்.ஏ. தமிழ் முதலாண்டு.

"டெஸ்க்டாப்ல இருந்ததெல்லாம் டெலிட் பண்ணி, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன் மாப்ள. நீ ஒருதடவ தொடச்சுக் குடுத்துடு" என்றார் அத்தான்.

தொடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் போனில் பேசினேன். கம்ப்யூட்டரில் என்ன செய்யப் போகிறாள் என்பது தெரியாமல் அதில் எதை ஏற்றுவது? தமிழில் கட்டுரை, அடுத்த ஆண்டு ஆய்வேடு தட்டச்சு செய்ய வேண்டும். மின்னூலகங்களில் இருக்கும் பழைய புத்தகங்களின் பிடிஎஃப்களைப் படிக்க வேண்டும், கல்லூரி மெயில் பார்க்க வேண்டும், எப்போதாவது யூடியூபில் உரைகள் கேட்க வேண்டும். இவ்வளவுதான். அவளே பி.காம். மாணவியாக இருந்து கணக்கு எழுதும் மென்பொருளான டேலி வேண்டும் என்று சொல்லியிருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அத்தானுடையதை எடுப்பது. மை டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் காப்பி செய்தால் போதும் என்று நினைப்பார்கள். கணக்கு எழுதுபவரின் உயிர்நாடியான டேலி டேட்டா அந்த மூன்றிலும் இருக்காது. சி டிரைவில் டேலி தனக்கென்று வைத்திருக்கும் ஃபோல்டருக்குள் கிடக்கும். எங்கே என்று தெரியாவிட்டால் டேலியைத் திறந்து, கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா இருக்கும் பாதையைப் பார்த்துக்கொள்ளலாம். இது விட்டுப்போனால் சும்மா இல்லை. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். பொறுப்பு கடைக்காரர்களுடையது என்றாலும், கேள்வி வந்தால் அவர்கள் முதலில் போன் செய்வது அத்தானுக்குத்தான்.

இன்னொன்று, தமிழில் வேலை செய்பவர்களுக்கே உரிய தலைவலி. அத்தான் கடைக்காரர்களுக்காக அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் வானவில் எழுத்துருவில் இருந்தன. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. ஃபைலை மட்டும் காப்பி செய்து புது லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த கூளம்தான் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கிறதே, அதிலிருந்து அந்த எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். அடிக்கடி தேவைப்படும் கடிதங்களை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

எடுத்ததைப் புது லேப்டாப்பில் ஒரு பிரதி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி என்று வைத்தேன். பிறகு அத்தானையே உட்கார வைத்து, புதிய லேப்டாப்பில் போன ஆண்டின் ஒரு கடைக் கணக்கையும், இரண்டு கடிதங்களையும், பேத்தியின் காதுகுத்துப் படங்களையும் திறந்து பார்க்கச் சொன்னேன். காப்பி ஆனது என்று திரை சொல்வது வேறு, திறக்கிறது என்று கண்ணால் பார்ப்பது வேறு.

அடுத்தது வெளியேறுவது. டிஸ்க்கை அழிப்பதற்கு முன்னால் செய்தே ஆக வேண்டியவை சில உண்டு. டேலி லைசென்ஸை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே சரண்டர் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் அழித்துவிட்டால், லைசென்ஸ் இன்னும் பழைய மெஷினில் இருப்பதாகவே கணக்கு. புதியதில் ஏற்றும்போது வீண் அலைச்சல். பணம் கொடுத்து வாங்கிய மற்ற மென்பொருள்களும் பெரும்பாலும் இப்படித்தான். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை அத்தானின் கூகுள் கணக்கோடு சிங்க் செய்து புதியதில் வந்துவிட்டதா என்று பார்த்தோம். எக்ஸ்போர்ட் செய்யும் வசதியும் இருக்கிறது, ஆனால் அது எல்லா பாஸ்வேர்டையும் யாரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக ஒரு ஃபைலில் கொட்டிவிடும். அந்த ஃபைல் டவுன்லோட்ஸில் ஓரமாகக் கிடந்தால் கதை முடிந்தது.

அப்புறம் போனை எடுத்து வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் பட்டியலிலிருந்து பழைய லேப்டாப்பை வெளியேற்றினோம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் சாதனங்களின் பட்டியல் இருக்கும், அதிலும் அப்படியே. மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் சாதனத்தை நீக்கினோம். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். பழைய சொந்தக்காரர் மறந்துபோன பயாஸ் பாஸ்வேர்டு புதியவருக்கு நல்ல பரிசு இல்லை. சிரிக்காதீர்கள், டிவிடி டிரேயையும் திறந்து பாருங்கள். அத்தானுடையதில் யாரோ ஒருவரின் கல்யாண சிடி இருந்தது. மெமரி கார்டு செருகும் இடம், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் செருகியே இருக்கும் யுஎஸ்பி போர்ட், இவையும் பார்க்க வேண்டிய இடங்கள்.

சரி, இப்போது அந்த "தொடச்சுக் குடுத்துடு" விஷயம். அத்தான் டெலிட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்திருந்தாரே, அந்த டிஸ்க்கின் மேல் ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலை ஓடவிட்டேன். அழிந்த ஃபைல்களைத் தோண்டி எடுப்பதற்காகவே எழுதப்பட்ட நிரல் அது. பெயர்களெல்லாம் போய், வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு பிடிஎஃப்கள் ஃபோல்டர் ஃபோல்டராக வந்து விழுந்தன. கடைக்காரர்களின் பான் கார்டு ஸ்கேன், வங்கி ஸ்டேட்மெண்ட், ஆதார். ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு உண்டே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு என்பது ஊருக்கே தெரியும். அந்த இரண்டும் பக்கத்திலேயே கிடக்கும் பான் ஸ்கேனில் இருக்கிறது.

அத்தான் முகத்தை மாற்றியது அடுத்து வந்த ஒரு எக்செல் ஃபைல். மளிகைக் கடையின் சம்பளப் பட்டியல். லேப்டாப் போகப் போவது அந்தக் கடையில் வேலை செய்பவரின் வீட்டுக்கு. யாருக்கு எவ்வளவு, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார், முதலாளிக்கு என்ன நிற்கிறது, எல்லாம் அதில் இருந்தது. அந்தப் பெண் தேடிப் பார்ப்பாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கணக்கரின் டிஸ்க்கில் இருப்பது அவருடைய ரகசியம் மட்டுமா? அவரை நம்பிக் கொடுத்த பத்துப் பேருடையதும்தானே. நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அக்கம்பக்கத்தார் பிரிண்ட் எடுக்க அனுப்பிய ஆதார் நான்கைந்தாவது டவுன்லோட்ஸில் இருக்கும், பாருங்கள்.

டெலிட் செய்யும்போது கம்ப்யூட்டர் அந்த ஃபைலின் இடத்தைக் 'காலி' என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே இருக்கும். க்விக் ஃபார்மட்டும் இதே ஜாதி. கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே சரக்கும் போய்விட்டது என்று நம்புவது மாதிரி. அமெரிக்காவில் எம்ஐடியைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் இருவரும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் சரியாக அழிக்கப்பட்டிருந்தவை 12. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. விற்றவர்களில் பலர் அழித்துவிட்டதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

அத்தானின் டிஸ்க்கை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் முடிவு. டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரல் அதை மஞ்சள் நிறத்தில் 'எச்சரிக்கை' என்று காட்டியது. படிக்க முடியாத செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள், சேர ஆரம்பித்திருந்தன. அந்த டிஸ்க்கோடு கொடுத்திருந்தால் அவள் ஆய்வேடு எழுதி முடிக்கும் நேரம் பார்த்து அது படுத்திருக்கும். சுழலும் தட்டு இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றை வாங்கி மாற்றினேன். பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பலன் தருவது எதுவும் இல்லை. கொடுப்பவரின் டிஸ்க் கொடுப்பவரிடமே தங்கிவிடுவதால் பாதுகாப்புக் கவலையும் பாதி தீர்ந்துவிடும்.

டிஸ்க்கோடுதான் கொடுக்க வேண்டும் என்றால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ரீசெட் திஸ் பிசி வழியாகப் போய், ரிமூவ் எவ்ரிதிங் தேர்ந்தெடுத்து, சேஞ்ச் செட்டிங்ஸில் க்ளீன் டேட்டா என்பதை ஆன் செய்துவிட்டு ஓட விடுங்கள். அந்தச் சுவிட்சை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அது இல்லாமல் செய்யும் ரீசெட் மேலோட்டமானது. முப்பத்தைந்து முறை மேலெழுத வேண்டும் என்று ஒரு கதை இன்னும் சுற்றுகிறது. 1996-இல் பீட்டர் குட்மன் அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்காக எழுதியதிலிருந்து வந்தது அது. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று அவரே பிறகு சொல்லிவிட்டார். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு முழுதாக ஒருமுறை மேலெழுதினால் போதும். எஸ்எஸ்டிக்கு மேலெழுதும் முறையே நம்பகமானதில்லை. உள்ளே அது எந்த இடத்தில் எழுதுகிறது என்பதைத் தானே மாற்றிக்கொண்டிருக்கும். அதற்கு டிஸ்க் தயாரிப்பாளரின் செக்யூர் இரேஸ் வசதியைத்தான் தேட வேண்டும், சில லேப்டாப்களில் பயாஸிலேயே இருக்கும்.

கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டியில் போட்டு, லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ள பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்து, ஷ்ரெட் கட்டளையால் ஒருமுறை மேலெழுதினேன். 500 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும், போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஆனால் ஆரம்பிக்கும் முன் பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கைக் கண்டிப்பாகக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். அந்தக் கட்டளை எந்த டிஸ்க்கைக் காட்டினாலும் கேள்வி கேட்காமல் அழிக்கும். கெட்டுப்போன செக்டர்களுக்குள் மேலெழுத்து போகாது என்பதால் தெருமுனைப் பட்டறையில் டிஸ்க்கின் நடுவே டிரில்லும் போட்டாயிற்று. சுத்தியல் வேண்டாம். லேப்டாப் டிஸ்க்கின் உள்தட்டு பெரும்பாலும் கண்ணாடி, நொறுங்கித் தெறிக்கும். டிரில் போட்டாலும் டிஸ்க்கைத் துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

அடியைத் திறந்ததோடு ஃபேனில் திரண்டிருந்த தூசியை எடுத்து, பிராசசருக்குப் புது தெர்மல் பேஸ்ட் தடவினேன். தேதி அடிக்கடி பழைய வருடத்துக்கு ஓடிப்போவதாக அத்தான் சொல்லியிருந்தார். தேதியை நினைவில் வைக்கும் சிமோஸ் பேட்டரியை மாற்றியதும் சரியானது. சாதாரண சிஆர்2032 காசு பேட்டரிதான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சில லேப்டாப்பில் அதுவே ஒயரோடு வரும், பார்த்து வாங்க வேண்டும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வருவோம். மைக்ரோசாஃப்டின் தகுதிச் சோதனையைத் தாண்டிப் பழைய மெஷினில் விண்டோஸ் 11 ஏற்றும் குறுக்கு வழிகள் இருக்கின்றன. என் சொந்தக் கம்ப்யூட்டரில் அப்படி விளையாடுவேன். அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மாட்டேன். நாளைக்கு ஒரு அப்டேட் ஏற மறுத்தால் அந்தப் பெண் யாரிடம் போவாள்? டேலி வேண்டும் என்று சொல்லியிருந்தால், விண்டோஸ் 10-ஐயே புதிதாக ஏற்றி, 2026 அக்டோபர் வரை கிடைக்கும் நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்து கொடுத்து, அதற்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லியிருப்பேன். விண்டோஸ் 10 உரிமம் மதர்போர்டோடு பதிவாகியிருப்பதால் டிஸ்க் மாற்றினாலும் இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும், புதுச் சாவி வாங்க வேண்டியதில்லை. இவளுக்கு அது எதுவும் தேவையில்லை. லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமில் ஓடும், 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட்டும் உண்டு.

ஏற்றியது சாதாரண முறையில் இல்லை. மின்ட் பென்டிரைவில் பூட் ஆகும்போது வரும் மெனுவில் ஓஇஎம் இன்ஸ்டால் என்று ஒரு வரி இருக்கும். கம்ப்யூட்டர் செய்து விற்பவர்களுக்கான வழி. அதில் ஏற்றினால் 'ஓஇஎம்' என்ற தற்காலிகக் கணக்கு மட்டும் உருவாகும். அதற்குள் நுழைந்து அப்டேட்கள், வீடியோ ஓடத் தேவைப்படும் கோடெக்குகள், தேவையான மென்பொருள்கள் எல்லாம் ஏற்றிவிட்டு, டெஸ்க்டாப்பில் இருக்கும் 'பிரிப்பேர் ஃபார் ஷிப்பிங்' ஐகானைச் சொடுக்கி அணைத்துவிட வேண்டும். அடுத்தமுறை திறப்பவரிடம் மொழி, விசைப்பலகை, நேர வட்டாரம், பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அதுவே கேட்கும். தற்காலிகக் கணக்கு மறைந்துவிடும். நாமே ஒரு பாஸ்வேர்டு போட்டு, அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அந்தப் பாஸ்வேர்டு கடைசிவரை மாறாது, நமக்கும் அது தெரிந்தே இருக்கும்.

ஓஇஎம் கணக்கில் செய்த டெஸ்க்டாப் அமைப்புகள் புதிய கணக்குக்குப் போகாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஏற்றிய மென்பொருள் நிற்கும், விருப்பங்கள் நிற்காது. எனவே தமிழ் எழுத்துருக்களையும், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், எம்17என் பொதிகளையும் முன்கூட்டியே ஏற்றி வைத்தேன். விசைப்பலகை அமைப்பதை அவள் வந்து கணக்குத் தொடங்கிய பிறகு செய்தோம்.

அப்பாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சும்மா வாங்கிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. எஸ்எஸ்டிக்கு ஆனதை மட்டும் கொடுங்கள் என்று அத்தான் சொன்னதில் இருவருக்கும் மரியாதை நின்றது. அவளையே உட்கார வைத்து ஆன் செய்யச் சொன்னேன். மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்தாள். பாஸ்வேர்டு போடும்போது நானும் அத்தானும் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டோம்.

"அண்ணா, போன்ல 'அம்மா'னு இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ்ல வர்ற மாதிரி இதுல வராதா?" என்று கேட்டாள். வரும், ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது, அதையும் சேர்த்து வைத்தேன். ஆனால் ஆய்வேடு எழுதப் போகிறவள் தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழகிக்கொள்வது நல்லது என்று பிடிவாதமாகவே சொன்னேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். க்க, ங்க போன்றவற்றுக்குத் தானே புள்ளி விழும். முதலில் எரிச்சலாக இருக்கும், கை பழகிவிட்டால் அடிக்கும் விசைகள் கணிசமாகக் குறையும். லிப்ரே ஆபீஸில் தமிழ் எழுத்துருவை மாற்றினாலும் மாறவில்லையே என்று பலர் குழம்புவார்கள். அதில் தமிழுக்கான எழுத்துரு, சிக்கலான எழுத்து அமைவு என்ற தனித் தலைப்பின் கீழ் இருக்கிறது. அதைத் திறந்து நோட்டோ சான்ஸ் தமிழை இயல்பு எழுத்துருவாக வைத்தோம்.

குறைகளை ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இடப்பக்க யுஎஸ்பி போர்ட் லூஸ். திரையின் கீல் வலது பக்கம் இறுக்கம், இரண்டு கையாலும் திறக்க வேண்டும். சார்ஜர் அசல் இல்லை, ஆனால் வோல்டேஜ் சரியானது. வாயால் சொன்னால் அந்த நேரத்துச் சந்தோஷத்தில் காதில் விழாது. பேக்கப்புக்கு ஒரு பென்டிரைவும், ஆய்வேட்டைத் தன் மெயிலுக்கே அவ்வப்போது அனுப்பிக்கொள்ளும் வழக்கமும் போதும் என்றேன். அந்த வயதில் அதற்கு மேல் சொன்னால் யார் செய்கிறார்கள்?

கொஞ்ச நாள் கழித்து அச்சுக் கடையிலிருந்தே போன் செய்தாள். கட்டுரையை ஃபைலாகவே கொண்டுபோயிருக்கிறாள், அங்கே இருந்த வேர்டில் பக்கங்களும் எழுத்துருவும் கலைந்து தெரிந்திருக்கின்றன. லிப்ரே ஆபீஸின் மேலே இருக்கும் பிடிஎஃப் பொத்தானை அழுத்தி, அந்தப் பிடிஎஃப்பைக் கொண்டுபோகச் சொன்னேன். எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்திருக்கும், எந்தக் கடையிலும் ஒரே மாதிரி அச்சாகும். குரோமில் பத்து டேப் திறந்தால் திணறுகிறது என்றும் சொன்னாள். ரேமுக்கு ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது, இன்னொரு 4 ஜிபி போட்டுக்கொள்ளலாம். கடையில் லேப்டாப்புக்கான டிடிஆர்3எல் என்று சொல்லிக் கேட்க வேண்டும். வெறும் ரேம் என்று கேட்டால் டிடிஆர்4-ஐ எடுத்து நீட்டுவார்கள், அது இந்த லேப்டாப்பில் பொருந்தாது.